முப்பது வருடக் கூரை

பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள். விரல் பலகைக்குள் போய்விட்டது.

தேநீரில் ஊறிய பாண் துண்டு போல இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டோர்ச் வெளிச்சத்தில், கூரையின் அடிப்பலகை முழுக்கக் கறுப்பு. ஆணி நுனிகள் துருவேறிச் சிவந்திருந்தன.

மேலே கூரையில் அவள் கணவர் நடந்துகொண்டிருந்தார்.

மாடிப்படிக்கு நேர் மேலே, சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை. காலையில்தான் கண்ணில் பட்டது. எங்கேயோ ஓடு கிளம்பியிருக்கும் என்று அவர் ஏணியோடு போனார். வெளியிலிருந்து அவர் தேடுவது, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் ஏறி இவள் பார்ப்பது என்று ஏற்பாடு.

ஓடு எங்கும் கிளம்பவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்திலேயே குழாய் நின்றது. குசினியில் சமையல் புகையை இழுக்கும் விசிறியின் குழாய். கூரையைத் துளைத்து வெளியே போக வேண்டியது, பாதியில் அறுபட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அடுப்பில் வைத்துவிட்டு வந்த சோற்றின் ஆவி, அதன் வழியே அவள் முகத்தில் அடித்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்பு அதை அறுக்கச் சொன்னவள் அவள்தான்.

கனடாவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் மாதம். பக்கத்து வீட்டுக்காரி வேலியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அந்தக் கை மூக்கை விட்டு இறங்காததுதான் தாங்க முடியவில்லை.

அன்று கருவாட்டுக் குழம்பு.

மணம் வெளியே போகக்கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான்.

போகவில்லை. ஒன்பது வருடத்துப் புட்டு ஆவி, மீன் ஆவி, மிளகாய்த்தூளுக்கு வறுத்த புகை, எல்லாம் இங்கே ஏறி வந்து குந்தியிருந்தன.

குழாயை அறுத்த பிறகு புதுக் கூரை போட்டவர், தன் தார் ஓடுகளுக்கு முப்பது வருட உத்தரவாதம் தந்தார். வெயில், பனி, காற்று என்று விரல் மடக்கிச் சொன்னார். மேலேயிருந்து வருவதையெல்லாம் சொன்னார். கீழேயிருந்து என்ன போகிறது என்று அவர் கேட்கவில்லை. இவர்களும் வாய் திறக்கவில்லை. இதைப் போய் வெளியாளிடம் யார் சொல்வார்கள்?

காலடி நெருங்கியது.

அவள் நின்றது ஒரு குறுக்குச் சட்டத்தின் மேல். அதற்குக் கீழே, விரல் தடிப்பில் சீலிங் அட்டை. அதற்கும் கீழே மாடிப்படி, அடி வரைக்கும்.

"இஞ்சேருங்கோ! அதிலை மிதியாதேங்கோ!"

வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் புல் வெட்டும் இயந்திரம் உறுமியது.

"என்னப்பா? விளங்கேல்லை!"

"திரும்பிப் போங்கோ!"

ஒரு அடி. இன்னொரு அடி.

பலகை கீழ்நோக்கி வளைந்தது. கறுப்புத் தூள் அவள் கண்ணில் விழுந்தது.

டோர்ச்சைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிப் பலகைக்கு முட்டுக் கொடுத்தாள். அவருடைய பாதம் எங்கே இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்தது. வாழ்நாளில் இப்படிப் பயந்ததில்லை. முருகா என்றாள். அதற்கு மேல் குரல் வரவில்லை. இருந்த மூச்செல்லாம் கைக்குப் போய்விட்டது.

மேலே அவர் சிரித்தார்.

"சுகிர்தா! கேக்குதே? இதிலை கல்லு மாதிரிக் கிடக்கு! இரும், ஒருக்காக் குதிச்சுக் காட்டுறன்!"

உள்ளங்கையில் பாரம் இல்லாமல் போனது.