மறுபடியும் துரு

"துணிக்கொடி கட்ட உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

கார்க் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுக் கணவன் கத்தினான். நேற்று சாயங்காலம் சுரண்டித் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்த தகரம், விடிந்ததும் மறுபடியும் பழுப்பேறிக் கிடந்தது.

"பனி படாம தார்ப்பாய் போட்டு மூடியும் இப்படின்னா, உன் ஈரத்துணி சொட்டி உள்ள வடிஞ்சுதான் ஆகுது."

ரெண்டு மூணு வாரமாக இதே பாட்டு. பதில் சொல்லிச் சொல்லி மனைவி அலுத்துப்போயிருந்தாள்.

"அவளுக்கு எங்கடா பொறுப்பு?" உள்ளிருந்து மாமியார் எடுத்துக் கொடுத்தாள். "காயப் போட்டமா, போனமான்னு இருப்பா."

பழைய கார். கதவுக்கடியில் துரு தின்று ஓட்டை ஓட்டையாக இருந்தது. வீட்டிலேயே சரிபண்ணி, ராத்திரியில் வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்று அவனுக்கு ஒரே பிடிவாதம். பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு, வந்ததும் வராததுமாக உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தேய்த்த கையோடு பிரைமர் அடித்துவிட்டால் துரு அண்டாது. அது அவனுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் கண் சொருகிவிடும். "காலையில அடிச்சுக்கலாம்" என்று போய் விழுந்துவிடுவான்.

சனியன் ஒழியட்டும் என்று அன்றைக்கே அவள் கொடியை அவிழ்த்துக் கொல்லைப்பக்கம் கட்டினாள்.

மறுநாள் விடியற்காலையில், இன்றைக்காவது திட்டு இல்லாமல் தப்பித்தோமா என்று வாசலுக்கு வந்து பார்த்தாள். தார்ப்பாய் விலகியிருந்தது. மாமியார் குனிந்து, சொம்புத் தண்ணீரைக் கதவில் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்களா?"

மாமியார் தடுமாறிப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போய் அவன்கிட்ட சொல்லிடு, போ. எனக்கும் முடியலை."

"அதுக்கு என்னை எதுக்கு மாட்டி விட்டீங்க?"

"வேற யார் மேல போடுறது? எதிர்வீட்டுக்காரன் மேலயா? வெட்டுக்குத்து ஆயிடும்." மாமியாரின் குரல் இறங்கியது. "நேத்து சாப்பிடும்போது பார்த்தியா? தட்டுல கையை வச்சபடியே தூங்கிட்டான். இந்த வண்டி தயாராச்சுன்னா ராத்திரியும் கிளம்பிடுவான். ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படித் தூங்கினா என்ன ஆகும்? நீயும் சொன்னே, நானும் சொன்னேன். கேக்குற ஆளா அவன்?"

உள்ளே அவன் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

மனைவி சொம்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். வருவது வரட்டும் என்று மாமியார் படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மனைவி மட்டும் திரும்பி வந்தாள். கார்ப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"திட்டு எனக்குப் பழகிப்போச்சு அத்தை. ஆனா வெறும் தண்ணியில லேசாத்தான் பிடிக்குது, அரை மணியில தேய்ச்சிடுறார். உப்புக் கரைச்சுக் கொண்டு வந்திருக்கேன், தள்ளுங்க."