தலைவர் வரும் நேரம்

“தலைவர் நம்ம ஊட்டு வாசல்லதான் பேசப் போறாரு புள்ள!”

பொன்னுவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வருஷத்து விளைச்சலான மிளகு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவசர அவசரமாக அள்ளி மூட்டை கட்டினான். அதற்குள் மாரமங்கலமே அங்கே திரண்டுவிட்டது.

மனைவி மேனகா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். “ஏனுங்க, எஸ்டேட்டு மரத்தைத் திருடி வித்தாருன்னு கேசு நடக்குதே, அதே தலைவருங்களா?”

“பொய்க் கேசு! எதிர்க்கட்சிக்காரன் ஜோடிச்சது. என் தலைவர் சொக்கத் தங்கம். சாகுற வரைக்கும் என் ஓட்டு அவருக்குத்தான்!”

“சரிங்க. மூட்டையை ஊட்டுக்குள்ள வெச்சரட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாம்! யுவராஜ் ஊட்டுல வெச்சுப் பூட்டச் சொல்லு.”

மேனகா திகைத்தாள். பக்கத்து வீட்டு யுவராஜ் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். போன தேர்தலிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சே கிடையாது.

“அவரு ஊட்டுலயா? ஏனுங்க?”

வளைவில் ஜீப் ஹாரன் அலறியது. கொடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்த பொன்னுவேல், ஓடிக்கொண்டே திரும்பிக் கத்தினான்.

“தலைவர் காபி குடிக்க நம்ம ஊட்டுக்குள்ள வர்றாராம் புள்ள!”