காதோரம் ஒரு சொரசொரப்பு

ஜன்னல் வழியே விழும் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி அப்பா உட்கார்ந்திருக்கிறார். கூரைத் தகடு பொருத்துவது அவர் தொழில். மகளைப் போலவே அவருக்கும் பிறவியிலேயே நிறமில்லாத தோல். புற்று வந்த இடது காதில் பாதியைப் போன மாதம்தான் வெட்டி எடுத்தார்கள். கட்டின் விளிம்பில் மஞ்சள் கறை. சீருடையில் நிற்கும் பத்து வயது மகளின் கன்னத்தில் சன்ஸ்கிரீனைப் பூசுகிறார். காய்த்துப்போன விரல்கள் பூப்போல நகர்கின்றன. “இது என்னப்பா பண்ணும்?” “வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கும்மா. அது தோலுக்குள்ள போகுமுன்னே இந்த மருந்து உறிஞ்சிக்கும். சூடா மாத்தி வெளிய விட்டுடும்.” “நாள் முழுக்கவா?” “ரெண்டு மணி நேரத்துல அதுவும் ஓஞ்சிடும். மறக்காம மறுபடி பூசிக்கணும்.” “நீ சின்ன வயசுல பூசிக்கலையா?” “எங்க வீட்டுல யாருக்கும் இதெல்லாம் தெரியாதுடா கண்ணு.”

கழுத்தை முடித்துக் காதுக்கு வருகிறார். மேல் விளிம்பில் விரல் நிற்கிறது. மணல் ஒட்டியதுபோல ஒரு சொரசொரப்பு. தேய்த்துப் பார்க்கிறார், போகவில்லை. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. “கூசுதுப்பா” என்று அவள் நெளிந்து சிரிக்கிறாள். தெருவில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. பையை எடுக்கக் குனிபவளின் கையைப் பிடித்துக்கொள்கிறார். “இன்னிக்கு ஸ்கூல் வேணாம்மா. என்கூட ஆஸ்பத்திரிக்கு வா.” “ஏம்பா?” அவர் சன்ஸ்கிரீன் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறார். அது எப்போதோ இறுகிவிட்டது. “தனியாப் போக எனக்கு பயமா இருக்கும்மா.”