வரிசையில் முதல் ஆள்

அன்று வரிசையில் பதினொரு பேர் நின்றார்களா, பன்னிரண்டு பேரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. முதலில் நின்ற கண்ணாடிக்காரரை மட்டும் மறக்க முடியாது.

கோபுரத்திலிருந்து குதித்து, பள்ளத்தாக்கின் மேலே கம்பியில் தொங்கியபடி அக்கரைக்குப் போகும் விளையாட்டு அது. ஒரு வாரமாக வந்த பயணிகள் எல்லோரும் பயந்து திரும்பிவிட்டார்கள். அன்றும் அப்படியே என்றால் கோபுரத்தை இழுத்து மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். வழிகாட்டி கண்ணாடிக்காரரின் இடுப்பில் கயிற்றை மாட்டினான்.

"கண்ணை மூடிக்கிட்டுக் குதிங்க சார்."

"ஐயோ, முடியாதுப்பா! எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு!" கண்ணாடிக்காரர் தூணைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"கயிறு யானையையே தாங்கும் சார்."

"அப்போ யானையை அனுப்பு!"

வரிசை குலுங்கிச் சிரித்தது. பின்னால் நின்ற புதுப்பெண், "தள்ளுங்க அங்கிள், நான் போறேன்" என்று பாய்ந்தாள். அவள் கணவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, அவனும் பாய்ந்தான். அதன்பின் ஒருவரும் தயங்கவில்லை.

கடைசி ஆளும் போனதும், கண்ணாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

"அடுத்த கூட்டம் எப்போ தம்பி?"

"ரெண்டு மணிக்குண்ணே. ஒரு வாரம் நீங்க லீவு போட்டதுல ஈ காக்கா குதிக்கலை. ஆமா, மூணு வருஷமா இங்கேயே நின்னு அழுறீங்களே, ஒரு தடவை போய்த்தான் பாருங்களேன்."

"போய், பயம் விட்டுப்போச்சுன்னா? அப்புறம் என்னை யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க?"

போனவர்கள் எல்லோரும் பத்திரமாக அக்கரை சேர்ந்தார்கள். கோபுரம் மூடப்படவில்லை. வழிகாட்டிக்கு வேலை நிலைத்தது. கண்ணாடிக்காரர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நடுங்கி நடுங்கிச் சாப்பிட இறங்கிப் போனார்.