சூடு ஆறாத கல்

“இங்கே ஒரு திருட்டுக் கை இருக்கு. யாருதுன்னு பேர் சொல்ல மாட்டேன். எடுத்தவங்க சாயந்தரத்துக்குள்ள எடுத்த இடத்துல வச்சிடணும்.”

மசாஜ் நிலையத்தின் முதலாளியம்மா வரவேற்பறையின் நட்ட நடுவில் நின்று முழங்கினார். வேலை செய்யும் பெண்கள் மூன்று பேரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள்.

சோபாவில் வக்கீலம்மா. போர்த்திய துண்டோடு, முதுகு கூனி உட்கார்ந்திருந்தவர், சண்டை என்றதும் நிமிர்ந்துவிட்டார். இத்தனை மாதமாக எந்த மசாஜும் அவருக்குச் செய்யாத நன்மை அது.

காணாமல் போனது கல். வைரமும் இல்லை, வைடூரியமும் இல்லை. சூடான கல் மசாஜுக்கு வெந்நீர்த் தொட்டியில் போட்டு எடுப்பார்களே, அந்தக் கறுப்புக் கல். உள்ளங்கை அகலத்தில் இரண்டு. கொஞ்ச நாளாகவே மத்தியானமானால் தொட்டியை விட்டுப் போய்விடும், சாயந்தரம் ஒன்றும் தெரியாத மாதிரி திரும்பி வந்து கிடக்கும். இன்றைக்கு வக்கீலம்மாவின் முதுகில் அடுக்கும்போது ஒரு பக்கம் குறைந்துபோய், “எனக்குப் பாதி முதுகுதான் சுடுது” என்று அவர் எழுந்தே வந்துவிட்டார்.

முதலாளியம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. எவளோ ஒருத்தி தன் கல்லை எடுத்துக்கொண்டு போய் வெளியே தனியாகத் தொழில் நடத்துகிறாள்.

அவருக்குத் தெரியாத தந்திரமா? ஒரே ஒரு எண்ணெய் பாட்டிலோடு வீடு வீடாகப் படியேறி, ஊரார் முதுகைப் பிடித்துவிட்டு மேலே வந்தவர். இப்போது எண்ணெயைத் தொடுவதில்லை. வாயால்தான் மசாஜ்.

யாராவது வாசலில் தலையைக் காட்டினால் போதும். தூக்கம் வரலையா, வாசனை எண்ணெய். கழுத்துப் பிடிப்பா, ஆழமா அழுத்தி எடுக்கிற மசாஜ். நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலையா, பாதத்துல புள்ளி பார்த்து அழுத்துறது. மனசே சரியில்லையா, ஸ்வீடிஷ். ஸ்வீடன் எந்தப் பக்கம் என்று கேட்டால் கொல்லைப் பக்கம் கையைக் காட்டுவார், அது வேறு கதை. எல்லாவற்றுக்கும் மேலே சூடான கல். வலிக்கிற இடத்தில் வைத்தால் ரத்தம் ஓடும், வலி தானாக இறங்கும், உழைக்கிற உடம்புக்கு ஓய்வு கொடுக்காதவர்கள் பாவிகள் என்று கண் கலங்கச் சொல்லுவார்.

ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் கல்லே உருகினாலும் அவர் உருகமாட்டார். தெருவில் துடைப்பம் விற்கிறவரிடம் பேசுகிற அதே பேரம்தான் வேலை செய்யும் பெண்களிடமும். இரண்டு நாள் லீவு கேட்டால் அரை நாளில் வந்து நிற்பார். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவே கொஞ்சம் மூச்சு விட நேரம் கேட்டபோது, கை கழுவுகிற நேரம் இருக்கிறதே, அது என்ன கணக்கு என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்தவர்.

“பையெல்லாம் எடுத்துட்டு வாங்க.”

மூன்று பைகளும் மேசைமேல் கவிழ்ந்தன. சாப்பாட்டு டப்பா, சீப்பு, குடை. கல் இல்லை. ஆனால் மூன்றிலும் ஒரே மாதிரி ஒரு வலித் தைலம் உருண்டு வந்தது.

“மூணு பேருக்கும் ஒரே தைலமா இருக்கே,” என்று வக்கீலம்மா ராகம் போட்டார். முதலாளியம்மா காதில் அது விழவில்லை. அவர் கண் பெரியக்காமேல் இருந்தது.

பெரியக்கா அங்கே எல்லோருக்கும் மூத்தவள். நிலையம் திறந்த நாளிலிருந்து இருக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைப் பாதியில் கூப்பிட்டிருந்தார்கள். வந்ததிலிருந்து கையைப் பின்னாலேயே வைத்திருந்தாள்.

“கையை முன்னால கொண்டு வா.”

அவள் அசையவில்லை. முதலாளியம்மா எட்டி இழுத்தார். பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். முழுக்கைச் சட்டையின் ஓரம் மேலே ஏறியது. மணிக்கட்டில் துணிக்கட்டு. கட்டுக்குள்ளே கறுப்பாகப் புடைத்துக்கொண்டு ஒரு கல். அடுத்த கையிலும் அப்படியே.

“பார்த்தீங்களா வக்கீலம்மா, கையும் களவுமா பிடிச்சேன்,” என்றார் முதலாளியம்மா. “சொல்லுடி, இத வச்சு யாருக்கு மசாஜ் பண்றே? இப்பவே சொல்லிட்டு வெளிய போ.”

“என் கைக்குத்தான் மேடம். வீட்டுக்குப் போனா தாழ்ப்பாள் போடக்கூட விரல் மடங்க மாட்டேங்குது. வலிக்கிற இடத்துல வச்சா இறங்கிடும்னு நீங்க தினம் வாசல்ல சொல்றீங்களா, கேட்டுக் கேட்டு நானும் நம்பிட்டேன்.”

வக்கீலம்மாவுக்கு இருமல் வந்தது.

முதலாளியம்மா குரலை இறக்கினார். சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருக்க மாட்டேனா என்றார். கேட்டேன், அரை நாள் கிடைத்தது, அதிலும் பாதியில் போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்றாள் பெரியக்கா. சுவரோரம் நின்ற இருவரும் தங்கள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்கள்.

பெரியக்கா பல்லால் முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு கல்லையும் எடுத்து முதலாளியம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

“நீங்க சொன்னது சரிதான் மேடம். இங்கே ஒரு திருட்டுக் கை இருக்கு. எங்க லீவு, எங்க சாப்பாட்டு நேரம், நடுவுல விடுற மூச்சு, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டே இருக்கு. யாருதுன்னு நானும் பேர் சொல்ல மாட்டேன். நான் எடுத்தத நான் வச்சிட்டேன். அவங்க எடுத்தத அவங்களும் சாயந்தரத்துக்குள்ள எடுத்த இடத்துல வச்சிடணும்.”