பையன் வரட்டும்

“ஜன்னலாண்ட கீற டேபிளே குடு நைனா. வேற எங்கயும் வாணாம்.”

கடை திறந்ததுமே மனைவி சுலோச்சனாவோடு வந்து நின்ற துரைராஜ் அப்படித்தான் கேட்டார். திருவான்மியூர் கடற்கரையை ஒட்டிய மாடியில் இருந்தது அந்த மீன் சாப்பாட்டுக் கடை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கடல் மொத்தமும் தெரியும். கடையைக் கவனித்துக்கொள்ளும் ராம்குமார் மறுபேச்சில்லாமல் அந்த மேஜையைக் கொடுத்தான்.

“சங்கரா குழம்பு இருக்கு, இறால் தொக்கு இருக்கு. நெத்திலி இன்னைக்குக் காலையில வந்தது சார்.”

“மீனு வாணாம்பா,” என்று அவசரமாகச் சொன்னாள் சுலோச்சனா. “ரசஞ்சோறு போதும்.”

ஊரே மீனுக்காக வரும் கடையில் ரசஞ்சோறு! ராம்குமார் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

இரண்டு மணி தாண்டியும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒரு வாய் சோறு, பிறகு வெகுநேரம் கடல். நடுவில் ஒரு மோர், அப்புறம் ஒரு டீ. சுலோச்சனாவின் கை அவ்வப்போது கணவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். பார்க்க ராம்குமாருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. கல்யாணமாகி இத்தனை நாளில் மனைவி தாரணியோடு ஒருநாள்கூட இப்படி ஆற அமர உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் படிக்கட்டு வரை வந்துவிட்டது. தயங்கித் தயங்கி அவர்களிடம் போனான்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். குழந்தைங்களோட வெளியில நிக்கிறாங்க. உங்களுக்கு உள்பக்கம் இடம் போட்டுத் தரட்டுமா?”

“பையன் வரணும் நைனா,” என்றார் துரைராஜ். “அவன் வந்ததும் கெளம்பிடுவோம். அதுவரிக்கும் எதுனா எடுத்தாந்து வெச்சிக்கினே இரு.”

“அதெல்லாம் பரவாயில்ல சார். என்ன பண்றாரு பையன்?”

“காலேஜ்ல படிக்கிறான். புகழேந்தின்னு பேரு,” என்றாள் சுலோச்சனா. “ஒரே புள்ள. பசி தாங்க மாட்டான்.”

சொல்லும்போதும் அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பெற்றவர்களை இவ்வளவு நேரமா காக்க வைப்பான் ஒரு பிள்ளை? ராம்குமாருக்கு அந்தப் பையன் மேல் கோபம் வந்தது.

“ஒரு போன் போட்டுப் பாருங்கம்மா.”

“அவன் போனு என்னாண்டதான் கீதுப்பா.”

போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். அதுதான் வழி தெரியாமல் சுற்றுகிறான் என்று நினைத்தான் ராம்குமார். இந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தெருவில் போய் நின்று தேடுவது வழக்கம்தான்.

“கவலைப்படாதீங்கம்மா. செக்யூரிட்டியை அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன். எந்தப் பக்கமா வருவாரு? பஸ் ஸ்டாண்டு பக்கமா?”

சுலோச்சனா கையை நீட்டினாள். ரோட்டுப் பக்கம் அல்ல, ஜன்னலுக்கு வெளியே, அலைகளின் பக்கம்.

“நேத்து காணும் பொங்கலுக்கு பெசன்ட் நகர்ல குளிக்கப் போனவன்பா. அலை இஸ்துக்கினு பூட்ச்சி. இன்னிக்கு இங்கதான் கரை ஒதுங்குவான்னு மீன் புடிக்கிறவங்க சொன்னாங்க.”