வாளையின் வயிற்றில்

வாளை துள்ளிய துள்ளலில் அவன் தண்ணீருக்குள் உட்கார்ந்தே விட்டான்.

பிடியை மட்டும் விடவில்லை. பிள்ளையைத் தூக்குவதுபோல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையேறினான்.

தோளில் போட்டால் வால் முழங்காலைத் தொட்டது. இந்த ஆற்றில் இப்படியொரு மீனை அவன் கண்டதில்லை. நடுங்குகிற கையில் கெண்டைகூட நிற்காது என்று கேலி பேசியவர்கள் எல்லாம் கரையில் வாயைப் பிளந்து நின்றார்கள். பேசுங்கடா, இப்போது பேசுங்கள்.

விலை கேட்டவர்களிடம் அவன் நின்று பதில்கூடச் சொல்லவில்லை. விற்கிற மீனா இது?

வீட்டில் ஒச்சம்மா மாசமாக இருக்கிறாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக அலைந்து, போதும் என்று விட்ட பிறகு தங்கிய பிள்ளை. புருஷன் பிடிக்கிற பெரிய மீனின் தலை பிள்ளைத்தாச்சிக்கு என்பது அந்த ஊர் வழக்கம். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மீனைப் பார்த்ததும் அவளுக்கும் நாக்கில் நீர் ஊறியது. உடனே ஓர் அடி பின்னால் போனாள்.

போன வாரம் வந்த நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். மலைமேல் மூடிக்கிடக்கும் ஆலையின் பாதரசம் ஆற்றில் கலந்திருக்கிறது. சின்ன மீனைத் தின்று வளர்கிற பெரிய மீனில்தான் அது அதிகம் சேரும். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகவே ஆகாது.

அவள் அதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான்.

பாதரசத்தைப் பற்றி அவனுக்கா சொல்வது? அதே ஆலையில், காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் அடைத்தவன் அவன். சாப்பாட்டு வேளையில் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன். தரையில் சிந்தினால் மூலைக்கு ஓடும். ஓடினாலும் மினுங்கித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

வயிற்றைக் கீறினான். குடலை எவர்சில்வர் தட்டில் பரப்பி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செவுளைப் பிரித்தான். இரைப்பைக்குள் பாதி செரித்த குஞ்சு மீன்கள் கிடந்தன. அவற்றையும் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கீறினான்.

எதுவும் மினுங்கவில்லை.

"ஒரு பொட்டுகூட இல்ல புள்ள. சுத்தமான மீனு. கொழம்ப வையி."

அவளுக்கும் நம்ப ஆசையாக இருந்தது. கொள்ளை ஆசை. புளியைக் கரைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து, அவனுக்கு முதலில் டீ போட்டாள்.

அவன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து டம்ளரை வாங்கினான்.

டம்ளர் ஆடியது. பாதி டீ சட்டையில் கொட்டியது.

புதிதில்லை. ஆலையை விட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கை இப்படித்தான். கேட்டால் மலைக்குளிர் நரம்பில் ஏறிவிட்டது என்பான். டம்ளரை அவள்தான் பிடித்துக்கொடுப்பாள். இன்றைக்கு அவள் டம்ளரைப் பிடிக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அது அவள் பிடிக்குள்ளும் நடுங்கியது.

"அது இந்தக் கைக்குள்ள போனப்ப மினுங்குச்சாங்க?"

அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அவன் உள்ளங்கையை வெயிலில் விரித்துப் பார்த்தான். கழுவிய கை. ஒரு பொட்டு இல்லை, சுத்தமாக இருந்தது.

அப்புறம் அவள் வயிற்றைப் பார்த்தான்.

தட்டில் கிடந்ததையெல்லாம் வாரிக் கூடையில் போட்டான். வாளையையும்தான், தலையோடு. கூடையைத் தூக்கிக்கொண்டு, மண்வெட்டியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனான்.

நாய்க்கும் எட்டாத ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும்.